அம்மாவின் பாஸ்தா ஆசை: நட்சத்திர ஹோட்டலில் டேபிள் போடலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். ஐ.டி. கம்பெனியில் வேலை. அப்பாவும் அம்மாவும் தஞ்சாவூரில் இருக்கிறார்கள். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களுக்குத் திருமணமாகி 40 ஆண்டு நிறைகிறது. போன தீபாவளிக்கு இங்கே வந்திருந்தபோது, டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இந்தப் பாஸ்தாவெல்லாம் நெசமாவே எப்படி இருக்கும்னு ஒரு நாள் சாப்பிட்டுப் பாக்கணும்டி" என்றார். அது மனதிலேயே நிற்கிறது. கிண்டி ஐ.டி.சி. கிராண்ட் சோழாவில் இருக்கும் ஒட்டிமோ என்ற இத்தாலிய உணவகத்தில் இரவு 8 மணிக்கு ஆறு பேருக்கு டேபிள் போடலாம் என்று நினைக்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முட்டைகூடத் தொடமாட்டார், பல்செட் வேறு. அம்மாவும் சைவம்தான், கேக்கில் முட்டை இருந்தால் சாப்பிடுவார். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். இருவரும் இதுவரை நட்சத்திர ஹோட்டலுக்குள் போனதில்லை. என் மகனுக்கு ஏழு வயது. தம்பியோ, "அதே ஹோட்டலில் ராயல் வேகா என்று முழுச் சைவ உணவகம் இருக்கும்போது, அப்பாவை எதற்குத் தவிக்கவிடுகிறாய்? இத்தாலி உன் ஆசை" என்கிறான். கணவர் 20,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்கிறார். புக் செய்யலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: புக் செய்யுங்கள். ஆனால் இரவு 8 மணிக்கு வேண்டாம். டேபிள் போடுவதற்கு முன் ஒரு போனும் செய்ய வேண்டும். அந்தப் போனில் கிடைக்கும் பதிலைப் பொறுத்துத்தான் நான் சொன்ன "செய்யுங்கள்" நிற்கும்.

உங்கள் கடிதத்தில் அம்மா சொன்ன அந்த ஒரு வரியிலேயே நின்றுவிட்டேன். "எனக்கு இது சாப்பிட வேண்டும்" என்று உங்கள் அம்மா வாய்விட்டுச் சொன்னதை இதற்கு முன் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்? நான் 24 வருடம் ஹோட்டல் உணவகங்களில் வேலை பார்த்தவன். தண்ணீர் ஊற்றுவதில் ஆரம்பித்து மேனேஜர் வரைக்கும். கல்யாண நாள் கொண்டாட வரும் குடும்பங்களில் அம்மாக்கள் மெனுவை மூடி வைத்துவிட்டு, "நீங்க என்ன சொல்றீங்களோ அதையே நானும் சாப்பிடறேன்" என்பார்கள். நூற்றுக்கணக்கான மேசைகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா கேட்டிருக்கிறார். அதனால் தம்பியிடம் சொல்லுங்கள்: இது உங்கள் ஆசை இல்லை, அம்மா கேட்டது.

தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அப்பா அரைவயிற்றோடு எழுந்தால் அம்மாவுக்கு எந்தப் பாஸ்தாவும் இறங்காது. அவர் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். தட்டில் என்ன இருக்கிறது என்பதில் ஒளிவுமறைவும் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் உறுதியானால் இத்தாலிய உணவகம்தான். இல்லாவிட்டால் தம்பி சொன்ன இடம். நான் சொல்லப்போவது ஒட்டிமோவுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நுங்கம்பாக்கம் தாஜ் கோரமண்டலில் உள்ள பிரேகோ என்ற இத்தாலிய உணவகமானாலும், பெங்களூரு, மும்பையில் வேறு எந்த ஹோட்டலானாலும் கேட்க வேண்டியது இதேதான்.

அப்பா முட்டை தொடமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சீஸ் பற்றி ஒன்றும் எழுதவில்லை. சிக்கலே அங்கேதான்.

பாலைத் திரித்து சீஸ் ஆக்க ஒரு உறைபொருள் வேண்டும். அதற்கு ரென்னெட் என்று பெயர். நாம் 'பார்மசான்' என்று சொல்லும் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை, பால்குடி மறக்காத கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் போட்டுத்தான் செய்ய வேண்டும். அந்தப் பெயரை வைத்துக்கொள்வதற்கான விதியே அப்படி. குறைந்தது 12 மாதம் முதிர வைத்த பிறகுதான் அது விற்பனைக்கு வரும். கிரானா பதானோவும் விலங்கு ரென்னெட்தான். பெக்கரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். இத்தாலிய சமையலறையில் இந்த மூன்றும் நம் வீட்டுப் பெருங்காயம் மாதிரி. பெஸ்டோ சட்னியில் அரைத்திருப்பார்கள், ரிசோட்டோ என்ற குழைந்த அரிசி உணவில் கடைசியில் கிளறியிருப்பார்கள், சூப்பின்மேல் துருவியிருப்பார்கள். மெனுவில் பக்கத்திலேயே பச்சைப் புள்ளியும் இருக்கும். முட்டையும் வேண்டாம் என்கிற அப்பா, விஷயம் தெரிந்தால் இதையும் வேண்டாம் என்பார் என்றுதான் நினைக்கிறேன். அவரிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். "பால்தானே, பரவாயில்லை" என்று அவர் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அது அவர் சொல்ல வேண்டிய பதில். அவருக்காக நீங்கள் தீர்மானித்து வைக்காதீர்கள். அம்மாவிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

இந்தியாவில் செய்யும் சீஸ்களில் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட் போடுகிறார்கள். கொடைக்கானல், ஆரோவில், பெங்களூரு என்று நம் பக்கத்திலேயே நல்ல சீஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய ஹோட்டல் சமையலறைகளில் இறக்குமதி சீஸும் இருக்கும், உள்ளூர் சீஸும் இருக்கும். எந்தத் தட்டில் எது போகிறது என்பது செஃபுக்குத்தான் தெரியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னால் ஒரு குடும்பத்தின் நல்ல நாள் கெட்டுப்போயிருக்கிறது. அப்போது நான் ஒரு ஹோட்டலில் கேப்டன், அதாவது சர்வர்களுக்கு மேலே இருந்து ஆர்டர் எடுப்பவன். ஒரு வயதான அம்மா மினஸ்ட்ரோனி சூப்பைக் காட்டி, "இது சுத்த சைவம்தானே தம்பி?" என்று கேட்டார். காய்கறி, பீன்ஸ், தக்காளி போட்ட சூப். மெனுவிலும் பச்சைப் புள்ளி. நான் உள்ளே போய்க் கேட்காமலே "ஆமாம்மா" என்றேன். அன்று அடுப்பில் இருந்தது கோழி எலும்பு கொதிக்கவைத்த ஸ்டாக். அவர் குடித்து முடித்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தண்ணீர் கேட்டார், கழிவறைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார், நேராகக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். பாதிச் சாப்பாட்டில் அந்தக் குடும்பம் எழுந்து போனது. அன்றிலிருந்து யார் எதைக் கேட்டாலும், "உள்ளே கேட்டுச் சொல்கிறேன்" என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

சரி, போனுக்கு வருவோம். சாயங்காலம் 4 மணி வாக்கில் கூப்பிடுங்கள். மதியக் கூட்டம் முடிந்து இரவுக் கூட்டம் தொடங்காத நேரம் அது. ஹோட்டலின் பொது எண்ணில் எடுப்பவரிடம் விவரம் பேச வேண்டாம், அந்த உணவகத்துக்கு இணைப்புக் கேட்டு மேனேஜரிடம் பேசுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பெரியவர்கள் சைவம், ஒருவர் முட்டையும் சாப்பிடமாட்டார் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்: எந்தெந்தத் தட்டில் விலங்கு ரென்னெட் சீஸ் இருக்கிறது, அதை விட்டுவிட்டுச் செய்ய முடியுமா? ரிசோட்டோவுக்கும் சூப்புக்கும் என்ன ஸ்டாக்? பாஸ்தாவில் எது முட்டை சேர்த்துப் பிசைந்தது, எது சேர்க்காதது? சைவத்துக்குத் தனி வாணலியும் தனிக் கரண்டியும் எடுப்பார்களா, பாஸ்தா வேகவைக்கும் தண்ணீர் ஒன்றேவா?

இப்போது பதிலைக் கவனியுங்கள். கேட்ட மறு நொடியே "எல்லாம் வெஜ் இருக்கு மேடம், கவலையே படாதீங்க" என்று வந்தால் நம்பாதீர்கள். என் "ஆமாம்மா" அப்படித்தான் வந்தது. "செஃபிடம் கேட்டுவிட்டு நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிட்டு, "இந்த இரண்டு தட்டு உங்கள் அப்பாவுக்கு வேண்டாம், இந்த நான்கும் தரலாம்" என்று பிரித்துச் சொன்னால் தயங்காமல் புக் செய்யுங்கள். தன் சமையலறையில் எது முடியாது என்று சொல்லத் தெரிந்தவர் கையில் குடும்பத்தை ஒப்படைக்கலாம். பேசி முடித்ததும் பேசியதையெல்லாம் ஒரு இமெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். நீங்கள் போகும் அன்று அந்த மேனேஜர் விடுமுறையில் இருந்தாலும் உங்கள் டேபிள் பெயருக்குக் கீழே குறிப்பு இருக்கும்.

அப்பாவுக்கு என்ன கிடைக்கும் என்று தம்பி கேட்பார். சீஸே தேவைப்படாத பழைய உணவுகள் இத்தாலியில் நிறைய உண்டு. ஆலியோ ஏ ஓலியோ என்றால் பூண்டும் எண்ணெயும். ஆலிவ் எண்ணெயில் பூண்டை வதக்கி, காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டு, பாஸ்தாவைப் புரட்டி எடுப்பது. நம் தாளிப்புக்கு இதைவிட நெருக்கமான இத்தாலிய உணவு எனக்குத் தெரிந்து கிடையாது. அராபியாத்தா சாஸில் தக்காளி, பூண்டு, மிளகாய். மேலே துருவும் சீஸை விட்டுவிடச் சொன்னால் போதும். பீட்சாவிலும் மாரினாரா என்று ஒன்று இருக்கிறது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், அவ்வளவுதான். நேப்பிள்ஸ் நகரத்தில் இதைச் சீஸ் இல்லாமல்தான் செய்வார்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. சிசிலித் தீவின் கப்போனாத்தா மெனுவில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கத்தரிக்காயைப் பொரித்து, தக்காளி, ஆலிவ், வினிகர், கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் புளிப்பும் இனிப்புமாகச் செய்வது. கத்தரிக்காய் ரசவாங்கி சாப்பிட்டு வளர்ந்த தஞ்சாவூர்க்காரர் அதை ஒதுக்கமாட்டார்.

மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கடினக் கோதுமை ரவையும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து உலர்த்திய ஸ்பகெட்டி, பென்னே வகைகளில் பொதுவாக முட்டை இருக்காது. கையால் புதிதாக இழுத்த பாஸ்தா, டாலியத்தெல்லே, ரவியோலி போன்றவற்றில் பெரும்பாலும் முட்டை இருக்கும். "எங்கள் ஃப்ரெஷ் பாஸ்தாவைச் சாப்பிட்டுப் பாருங்கள்" என்று சர்வர் ஆசையாகச் சொல்வார். அவர் சொல்வதில் தப்பில்லை, அதுதான் அங்கே சிறப்பாகவும் இருக்கும். அப்பாவின் தட்டுக்கு மட்டும் உலர்ந்த வகை என்று அவருக்கு நினைவூட்டுங்கள். பல்செட்டுக்கு ஸ்பகெட்டியைவிடப் பென்னே சுலபம், ஸ்பூனாலேயே சாப்பிட்டுவிடலாம். இத்தாலியர்கள் பாஸ்தாவை நடுவில் சற்றுக் கடிபடும் பதத்தில் இறக்குவார்கள். அப்பாவுக்கு இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாக வேகவைக்கச் சொல்லுங்கள். எந்த நல்ல செஃபும் இதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

அம்மாவின் தட்டுக்கு வருகிறேன். இங்கே பேக்கரிகளில் 'ஒயிட் சாஸ் பாஸ்தா' என்று கொடுப்பதை மனதில் வைத்து ஆர்டர் செய்யாதீர்கள், அது அம்மாவுக்குத் திகட்டிவிடும். தக்காளியும் துளசி வகை இலையும் போட்ட எளிய பாஸ்தா ஒன்று, ரிசோட்டோ ஒன்று சொல்லுங்கள். இரண்டையும் உங்களுக்கும் அம்மாவுக்கும் பாதிப் பாதியாகத் தனித்தட்டில் பிரித்துக் கொண்டுவரச் சொல்லலாம், செய்வார்கள். டி.வி.யில் பார்த்ததை ஒரே தட்டில் முடித்துவிடாமல் இரண்டு மூன்று சுவை பார்க்கட்டும். ரிசோட்டோ நம் குழைந்த சாதத்துக்குப் பக்கத்தில் வரும் உணவு. ஆர்போரியோ, கார்னரோலி என்ற குண்டு அரிசியில் ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அரிசி வேகவே பதினேழு பதினெட்டு நிமிடம் ஆகும். அவசரப்படுத்தினால் கெடும். எனவே உட்கார்ந்ததுமே ரிசோட்டோவைச் சொல்லிவிடுங்கள். முதல் வாய்க்கு "உப்பு உறைப்பு இல்லையே" என்று அம்மாவுக்குத் தோன்றலாம். மிளகாய்த் தூவலும் மிளகாய் எண்ணெயும் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இனிப்பில் இரண்டு பொறி இருக்கிறது. டிராமிசு என்ற காபி சுவைக் கிரீம் இனிப்பில் முட்டை இருக்கும், பல இடங்களில் மதுவும் ஒரு துளி சேர்ப்பார்கள். பன்னா கோட்டா என்ற கிரீம் புட்டிங்கில் ஜெலட்டின், அது விலங்கு எலும்பு, தோலிலிருந்து வருவது. சில சமையலறைகளில் ஜெலட்டினுக்குப் பதில் கடற்பாசி போடுகிறார்கள், கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு நான் பரிந்துரைப்பது அஃபோகாத்தோ. ஐஸ்கிரீம் உருண்டைமேல் சூடான எஸ்பிரெசோ காபியை ஊற்றித் தருவது. காவிரிக்கரைக் காபிக்கு இதைவிடப் பொருத்தமான இத்தாலிய இனிப்பு வேண்டுமா? ஐஸ்கிரீம் முட்டை சேராத வகைதானா என்று மட்டும் உறுதி செய்யுங்கள். பாலும் கிரீமும் சர்க்கரையும் மட்டும் சேர்த்த ஃபியோர் டி லாத்தே இருந்தால் நல்லது.

கல்யாண நாள் என்று சொன்னால் பல ஹோட்டல்களில் அவர்களாகவே ஒரு சிறிய கேக் கொண்டுவந்து வைப்பார்கள். முட்டையில்லாத கேக் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தன் 40-ஆம் ஆண்டுக் கேக்கை வெட்டிவிட்டு வாயில் வைக்க முடியாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வர்கள் கைதட்டிப் பாடுவது உங்கள் அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்றால் அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நேரம். இரவு 8 மணிக்கு உட்கார்ந்தால் பிரெட் வந்து, முதல் தட்டு வந்து, பாஸ்தா மேசைக்கு வரும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது. சனிக்கிழமை இரவு என்றால் கூட்டமும் சத்தமும் வேறு. விளக்கை மங்கலாக வைத்திருப்பார்கள். வயதான கண்ணுக்கு மெனுவும் தெரியாது, தட்டில் இருப்பதும் தெரியாது. மதியம் போங்கள். அந்த உணவகம் மதியம் திறக்காது என்றால் மாலை திறந்தவுடன் முதல் டேபிள். ஜன்னல் பக்கம், சமையலறைக் கதவிலிருந்து தள்ளி, முதுகு சாய்க்கும் நாற்காலி, உயர ஸ்டூல் இல்லாத மேசை. "வயதானவர்கள், ஒருவருக்குச் சர்க்கரை, அரை மணி நேரத்துக்குள் சாப்பாடு வர வேண்டும்" என்று குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மாத்திரை நேரத்தை அவருடைய டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பையனுக்கும் மதியம்தான் நல்லது, தூக்கத்தில் அழமாட்டான்.

இனிப் பணம். கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்கிறேன், நீங்கள் மெனு கேட்டு வாங்கி உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். முதல் தட்டு மூன்று, ஒன்று 1,100 என்றால் 3,300. பாஸ்தா, பீட்சா, ரிசோட்டோ எல்லாம் சேர்த்து ஐந்து, ஒன்று 1,500 என்றால் 7,500. இனிப்பு மூன்று 2,400. ஜூஸ் வகை நான்கு 2,400. தண்ணீர் 800. மொத்தம் 16,400. இதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வெளியே தனியாக இருக்கும் உணவகத்தில் 5 சதவீதம்தான். முந்தைய நிதியாண்டில் ஒரு அறையையாவது நாளுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் கொடுத்த ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. 2025 ஏப்ரலிலிருந்து கணக்கு இப்படி. ஆக 2,952 சேர்ந்து 19,352 ரூபாய். கணவர் சொன்ன வரம்புக்குள் நூலிழையில் நிற்கிறது.

பில்லில் சேவைக் கட்டணம் என்று 10 சதவீதம் சேர்த்தால் அதற்கும் வரி சேர்ந்து 21,287 ஆகிவிடும். அந்தக் கட்டணத்தை உங்களைக் கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. எடுக்கச் சொன்னால் எடுக்க வேண்டும், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில் வந்த பிறகு பெற்றோர் முன்னால் வாதாடுவதைவிட, போனிலேயே கேட்டு முடித்துவிடுவது நல்லது. உங்களை நன்றாகக் கவனித்த பையனுக்கோ பெண்ணுக்கோ கையில் கொடுக்க ஒரு தொகை வைத்திருங்கள். அந்த வேலை செய்தவன் என்பதால் கேட்கிறேன்.

தண்ணீருக்கு 800 போட்டது உங்களை உறுத்தியிருக்கும். உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்பார்கள். சாதாரணப் பாட்டில் தண்ணீரா, சோடா மாதிரி நுரைக்கும் தண்ணீரா என்று அர்த்தம், இரண்டுமே காசு. பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்க ஹோட்டல்களுக்குத் தடையில்லை என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. "சாதாரண வடிகட்டிய தண்ணீர் போதும்" என்று தயங்காமல் கேளுங்கள். அதேபோல, மெனுவில் இல்லாத 'இன்றைய ஸ்பெஷல்' எதையும் விலை கேட்காமல் சொல்லாதீர்கள். டிரஃபிள் என்ற வார்த்தை காதில் விழுந்தால் இன்னும் கவனம். இத்தாலியின் ஆல்பா ஊர் வெள்ளை டிரஃபிள் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் கிடைக்கும் காளான் வகை, கிராம் கணக்கில் விலை. ஆண்டு முழுக்கக் கிடைக்கும் டிரஃபிள் எண்ணெயில் பெரும்பாலும் செயற்கை மணம்தான். முதல்முறை வருகிறவர்களுக்கு அது தேவையே இல்லை.

பணத்தைவிட எனக்குக் கவலை, அப்பா மெனுவைத் திறக்கும் அந்த நிமிடம்தான். தலைமையாசிரியராக இருந்தவர் "ஒரு தட்டு ஆயிரத்து ஐநூறா?" என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தால், அதற்கப்புறம் அவர் சாப்பிடுவது எதுவும் ருசிக்காது. அம்மா உடனே "எனக்குப் பசியே இல்லை" என்பார். இதைத் தடுக்க வழி இருக்கிறது. மெனுவை முன்கூட்டி வாங்கி, எல்லாத் தட்டையும் நீங்களே தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுங்கள். விலை போடாத தாளில் அன்றைய சாப்பாட்டை அச்சடித்து மேசையில் வைக்கச் சொன்னால் பல இடங்களில் மகிழ்ச்சியாகச் செய்வார்கள். மேலே "40-ஆம் திருமண நாள்" என்று தமிழிலேயே போடச் சொல்லுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக. பில்லை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம், கணவர் எழுந்து வந்து கட்டுவார் என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அப்பா எவ்வளவு என்று கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகு, வயிறும் மனதும் நிறைந்திருக்கும்போது சொல்லலாம்.

உடை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா கேட்பார். வேட்டி சட்டையில் தாராளமாக வரலாம். 2014-இல் சென்னையில் ஒரு கிளப் வேட்டி கட்டி வந்த நீதிபதியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப, அதே ஆண்டு சட்டசபை அதற்கு எதிராகச் சட்டமே போட்டது. அம்மா பட்டுப்புடவையில் வரட்டும். பீட்சாவைக் கையால் சாப்பிடலாம், இத்தாலியர்களும் அப்படிச் சாப்பிடுவதுண்டு.

நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டடத்தில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. 2012-இல் திறந்த அந்த ஹோட்டலைச் சோழர் கட்டடக்கலையை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். முகப்பிலும் தூண்களிலும் தஞ்சைப் பெரிய கோயிலின் சாயல் தெரியும். சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் லாபியில் நடங்கள், அதற்குக் காசு இல்லை. ஆறு பேரில் அந்த இடத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவர் உங்கள் அப்பாதான். பேரனை அழைத்துக்கொண்டு தூண் தூணாகக் காட்டச் சொல்லுங்கள். முதன்முதலாக நட்சத்திர ஹோட்டலுக்குள் வந்த கூச்சம் அங்கே போய்விடும்.

போனில் சரியான பதில் வரவில்லை என்றால் தம்பி சொன்ன ராயல் வேகாவிலேயே ஆறு பேருக்கும் அந்தச் சனிக்கிழமை மதியம் டேபிள் போட்டுவிடுங்கள். ஆனால் அம்மாவின் ஆசையை அதோடு விட்டுவிடாதீர்கள். அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு வாரநாள் மதியம் அரை நாள் லீவு போட்டு, நீங்களும் அவரும் மட்டும் இத்தாலிய உணவகத்துக்குப் போங்கள். இரண்டு பேருக்கு ஒரு பாஸ்தா, ஒரு ரிசோட்டோ, ஒரு இனிப்பு. எனக்கு அதுவும் நல்ல கல்யாண நாள் பரிசாகத்தான் தோன்றுகிறது.

நாளை மாலை 4 மணிக்குக் கூப்பிடும்போது பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். மேனேஜர் பெயரையும், பதில் சொன்ன செஃப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று உள்ளே நுழைந்ததும் அந்தப் பெயர்களைச் சொல்லி, "எங்கள் டேபிள் குறிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று சொன்ன பிறகு அப்பாவையும் அம்மாவையும் உட்கார வையுங்கள்.